மின்னளவையும் புற்றுநோயும்



உடலுக்குள் மின்சாரம் உண்டு என்பதை ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்ட யாவரும் அறிவர். அம்மின்சாரத்தைக் கொண்டு புற்றுநோயையும் கண்டறியலாகுமா என்னும் வினா ஏறத்தாழ நூறாண்டுப் பழமை உடையது. அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகரில் ஆய்வு செய்த ஹியூகோ ஃபிரிக்கே, 1925ஆம் ஆண்டில் இரத்தச் சிவப்பணுவின் மேற்சவ்வு எத்துணை மெல்லியது என்பதை மின்னளவையாலேயே கணக்கிட்டார். ஒரு மில்லிமீட்டரை மூன்று இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே அதன் தடிமன்! மறு ஆண்டில் ஸ்டெர்ன் மோர்ஸ் என்பாருடன் சேர்ந்து மார்பகக் கட்டிகளை அளந்து, தீய கட்டிகளின் மின்தேக்குதிறன் தீங்கற்றவற்றினும் மிகுதி எனக் கண்டார்.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. செல்லின் உள்ளும் புறமும் உப்புநீர். அது மின்சாரத்தைக் கடத்தும். இடையே உள்ள சவ்வு கொழுப்பாலானது; அது தடுக்கும். மெதுவாகத் திசைமாறும் மின்னோட்டம் சவ்வைக் கடக்க இயலாமல் செல்களின் இடைவெளி வழியே சுற்றிச் செல்லும். விரைந்து திசைமாறும் மின்னோட்டமோ சவ்வையும் ஊடுருவிச் செல்லும். ஆகவே பல அதிர்வெண்களில் அளந்தால், திசுவின் கட்டமைப்பே எண்களாக வெளிப்படும். நலமான கருப்பை வாயின் மேற்பரப்பில் தட்டையான செல்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காய் நெருங்கியிருக்கும், மின்தடை மிகும். புற்றுக்கு முந்தைய நிலையில் அவ்வடுக்கு குலைகிறது; தடையும் குறைகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர ஆய்வாளர்கள் இதனை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வழியில் உருவான கருவி நம்பிக்கை தரினும் சான்று போதாது என்றே அந்நாட்டு மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 2018இல் கூறியது.

மற்றொன்று சுவீடன் நாட்டு நெவிசென்ஸ். மெலனோமா என்னும் தோற்புற்று வெண்ணிறத் தோலினரையே மிகுதியாகத் தாக்குவது. ஐயத்திற்குரிய மச்சத்தின்மீது நுண்ணிய முனைகளை உடைய உணரியை வைத்தால், இக்கருவி 35 அதிர்வெண்களில் அளந்து 0 முதல் 10 வரை ஓர் எண்ணைத் தரும். 2014இல் வெளிவந்த ஆய்வில் 265 மெலனோமாக்களுள் 256ஐ அது சுட்டியது, ஒன்பது தப்பின. ஆனால் தீங்கற்ற மச்சங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 34ஐ மட்டுமே தீங்கற்றவை என விடுத்தது. எஞ்சிய 66ஐயும் ஐயுற்றது. இதனைக் குறை என ஒதுக்குதல் தகாது. அம்மச்சங்கள் யாவும் எப்படியும் அறுத்தெடுக்கப்பட இருந்தவை. அவற்றுள் மூன்றிலொரு பங்கு கத்தியினின்று தப்ப வழியுண்டு என்பது சிறு நன்மை அன்று.

அளவை நூல் பயின்ற சமணர்க்கு இவ்வெண் புதிரன்று. 'ஒருவகையால் உண்டு, ஒருவகையால் இல்லை' என்னும் அநேகாந்த நோக்கிலேயே அதனைக் கொள்ள வேண்டும். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் காண்பதே முடிவு கூறும். 'கத்தி பட்டால் நோய் பரவும்' என அஞ்சித் திசுச் சோதனையைத் தள்ளிப்போடுவோர் பல இல்லங்களில் உளர். பரவுதல் மிக அரிது, தாமதத்தால் வரும் கேடோ பெரிது.

கையில் உலோகத் தண்டைப் பிடித்தால் போதும், உடல் முழுவதன் நோயும் தாளில் அச்சாகும் என்று சில முகாம்களில் கூறுகின்றனர். மேற்சொன்ன கருவிகள் ஐயத்திற்குரிய இடத்தையே தொட்டு அளப்பவை. உள்ளங்கையைத் தொட்டு மார்பகத்தையோ கருப்பையையோ அறிவன அல்ல. திருவிழா நாள்களில் மருத்துவ முகாம் நடத்தும் அறக்கட்டளைகள் இத்தகைய தண்டுகளுக்கு இடமளியாதிருத்தல் நலம். அத்தாளில் 'நோயில்லை' எனக் கண்டு, மார்பில் கட்டியுள்ள தாய் ஒருவர் ஓராண்டு வாளாவிருந்தால் அப்பழி யாரைச் சாரும்?

முகாமில் செய்யத்தக்க சோதனைக்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. அங்கு 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் நோக்கும் சோதனை நடத்தப்பட்டது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அப்புற்றால் நேர்ந்த இறப்பு, ஏனைய ஊர்களினும் 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் முடிவு வெளியாயிற்று. அதற்கு மின்கருவி எதுவும் தேவைப்படவில்லை.