சாவி யார் மடியில்?



உரலுக்கு ஸ்விட்ச் கிடையாது. குத்துகிறவர் கை ஓய்ந்தால் உலக்கையும் ஓய்ந்துவிடும். ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை அரிசியானது இப்படித்தான். எதிரெதிரே இரண்டு பெண்கள், மாறி மாறி விழும் இரண்டு உலக்கைகள், நடுவில் ஊர்க்கதை. சாமைக்கு மணி சிறிது, உமி கெட்டி. ஒரு வேளைச் சோற்றுக்கு விடியலிலேயே உலக்கையைத் தூக்கியாக வேண்டும். சாமைச் சோறு தட்டைவிட்டுப் போனதற்கு ரேஷன் அரிசியைக் காரணம் சொல்வார்கள். பெண்களின் தோள்வலியையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வலியை இப்போது மோட்டார் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சாமைக்கும் தினைக்கும் நகரத்துக் கடைகளில் தனி அலமாரியே கிடைத்துவிட்டது. மலையில் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் விளைவிக்கிற சாமை, மூட்டையாக மட்டும் கீழே இறங்கினால் லாபம் வேறு யாருக்கோ போகும்; அரிசியாகவும் மாவாகவும் பிஸ்கட்டாகவும் இறங்கினால் கொஞ்சமாவது மலையிலேயே தங்கும். அதனால்தான் ஜமுனாமரத்தூர் போன்ற ஊர்களில் கல் நீக்கும் இயந்திரம், சலிக்கும் இயந்திரம், உமி நீக்கும் இயந்திரம், மாவு அரைக்கும் இயந்திரம் என்று வரிசை கட்டி நிற்பதை நல்ல செய்தியாகவே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரிசையில் ஒரு பொருளுக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை. அது ஒரு சாதாரணப் பூட்டு.

“உரலுக்குள் தலையை விட்டுவிட்டு உலக்கைக்குப் பயப்படலாமா” என்று ஒரு பழமொழி உண்டு. உலக்கையைப் பிடித்திருப்பவர் எதிரிலேயே நிற்கிறார், கூப்பிட்டால் நிறுத்துவார் என்கிற காலத்தில் பிறந்த தைரியம் அது. மில்லில் உலக்கையைப் பிடித்திருப்பவர் எங்கே இருக்கிறார்? சுவருக்கு அந்தப்பக்கம் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அருகில் இருக்கலாம். பல கிலோமீட்டர் தள்ளித் துணை மின்நிலையத்திலும் இருக்கலாம்.

மழைக்காலத்தில் ஒரு கிளை முறிந்து கம்பிமேல் விழுகிறது, கரண்ட் போய்விடுகிறது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நிற்கிறது. உள்ளே பாதி உடைந்த தானியம் அடைத்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் வருவதற்குள் அதை வழித்து எடுத்துவிடலாம் என்று ஒரு கை உள்ளே போகிறது. மில் வேலை தெரிந்த யாருக்கும் இது புதிதல்ல. கரண்ட் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்பது, அந்த மோட்டாருக்கு எந்த ஸ்விட்சைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முறையான ஸ்டார்ட்டர் பெட்டியில் நோ-வோல்ட் காயில் என்று ஒரு சுருள் இருக்கும். மின்சாரம் போனதும் அது பிடியை விட்டுவிடும். பிறகு யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒழிய மோட்டார் ஓடாது. வெறும் சுவர் ஸ்விட்சில் மாட்டிய மோட்டாருக்கு அந்த நாகரிகம் கிடையாது. கரண்ட் வந்த நொடியே ஓடும். இரவு மூன்று மணிக்கு வரும் மும்முனை மின்சாரத்துக்காக விழித்திருக்க முடியாமல் பம்புசெட்டுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்துவது உழவர்களின் பழக்கம். கிணற்றடியில் அது வரம். அதே பெட்டியைப் பழக்கதோஷத்தில் மாவு மில்லில் பொருத்தினால் விரல் போகும்.

இந்தக் கையைக் காப்பாற்றுவதற்குத் தொழிற்சாலைகளில் ஒரு முறை இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயர் லாக்அவுட். தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு அந்தச் சொல் கசப்பானது; பின்னி ஆலைக் காலத்திலிருந்தே லாக்அவுட் என்றால் நிர்வாகம் கேட்டைப் பூட்டித் தொழிலாளியை வெளியே நிறுத்தும் கதவடைப்பு. இந்த லாக்அவுட் நேர் எதிரானது. இங்கே பூட்டு தொழிலாளியுடையது, சாவியும் அவருடையது, பூட்டப்படுவது இயந்திரம். பெரிய ஆலைகளில் இதை லாக்அவுட்-டேக்அவுட், சுருக்கமாக லோட்டோ என்கிறார்கள். லாட்டரிச் சீட்டு மாதிரி ஒலித்தாலும் வேலை கறாரானது.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உருவத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். மின்கம்பத்தில் ஏறப்போகிற வயர்மேன் முதலில் பியூஸ் கட்டையைப் பிடுங்குவார். பிடுங்கி அங்கேயே வைத்துவிட்டுப் போகமாட்டார். பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். பெரிய லைனாக இருந்தால் ‘லைன் கிளியர்’ வாங்காமல் ஏணியைச் சாய்க்கமாட்டார். “எல்.சி. வாங்கியாச்சா?” என்று கீழே நிற்பவர் கேட்பதும் வழக்கம். அவர் கம்பத்தில் இருக்கும்வரை வேறு யார் நினைத்தாலும் அந்தக் கம்பியில் மின்சாரம் வரக்கூடாது என்பதுதான் அதன் பொருள். லோட்டோ என்பது இதே பியூஸ் கட்டையை இயந்திரத்துக்குக் கொண்டுவருவதுதான்.

இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் போதாது, மெயினை இறக்க வேண்டும். இறக்கினால் போதாது, பூட்ட வேண்டும். இரும்புப் பெட்டியில் வரும் மெயின் ஸ்விட்சுகள் பலவற்றின் கைப்பிடியில் ஒரு துளை இருக்கும். அது எதற்கென்று பலர் யோசித்திருக்கமாட்டார்கள். பூட்டு மாட்டத்தான். உள்ளே மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. அதற்கென்றே பல துளைகள் கொண்ட கொக்கி கிடைக்கிறது. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் தானே கழற்றும்வரை மெயின் ஏறாது. “இங்கே ஆள் வேலை செய்கிறார்” என்று பெயரெழுதிய அட்டையும் கூடவே தொங்கும். அட்டை மட்டும் தொங்கினால் பயனில்லை. படிக்காமல் போகிறவர்களும், படித்தும் அவசரப்படுகிறவர்களும் எங்கும் இருக்கிறார்கள்.

பூட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி. இயந்திரத்துக்குள் மிச்சமிருக்கும் வேகத்தைத் தீர்க்க வேண்டும். மாவு மில்லின் கனத்த சுழலி, மெயினை இறக்கிய பிறகும் சிறிது நேரம் சத்தமில்லாமல் சுற்றும். சத்தம் போய்விட்டதால் நின்றுவிட்டது என்று காது சொல்லும். தானியத்தை மேலே தூக்கிப்போகும் வாளிச் சங்கிலி, நிரம்பிய பக்கத்தின் எடையால் பின்னோக்கி இறங்கும். பெரிய ஆலையானால் காற்றழுத்தம், நீராவி, கொதி எண்ணெய். எல்லாம் ஓய்ந்ததென்று தெரிந்தபின் ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால்தான் கையை உள்ளே விடலாம். இறக்கிய மெயின் வேறு இயந்திரத்துடையது என்பது பலருக்கு இந்தக் கடைசிப் பொத்தானில்தான் தெரியவந்திருக்கிறது.

உணவு ஆலைகளுக்கு இது ஏன் மற்ற ஆலைகளைவிட முக்கியம்? அங்கே சுத்தம்தான் பிழைப்பு. மாவு பிசையும் பாத்திரத்தையும் இறைச்சி அறுக்கும் தகட்டையும் நாள்தோறும் கழுவியாக வேண்டும். கழுவுவதென்றால் மூடியைத் திறந்து, சுற்றும் பாகத்தை மறைக்கும் காப்பைக் கழற்றி, ஈரக் கையோடு உள்ளே போவது. அந்த வேலை பெரும்பாலும் இரவில், ஒப்பந்தத் தொழிலாளியிடம், அவசரத்தோடு வந்து சேர்கிறது. கனடாவின் டொராண்டோவில், நம் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் வாழும் அந்த நகரத்தில், ஃபியரா ஃபுட்ஸ் என்ற பேக்கரி ஆலையில் 1999-இல் 17 வயதுப் பையன் ஒருவன் மாவு பிசையும் இயந்திரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது ஓடத் தொடங்கியது. அவன் பிழைக்கவில்லை. அதே ஆலையில் 2016-இல் தற்காலிகப் பணிக்கு வந்த 23 வயதுப் பெண்ணின் தலைத்துணி கன்வேயரில் சிக்கியது. அவரும் பிழைக்கவில்லை. நிறுவனத்துக்கு 3 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

பூட்டு இல்லாத கதைகளில் மிகக் கொடியது கலிபோர்னியாவில் நடந்தது. சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பம்பிள் பீ நிறுவனத்தின் சூரை மீன் டப்பா ஆலை. டப்பாக்களை வேகவைக்கும் அடுப்பு ஒரு சிறிய சுரங்கம் மாதிரி, 35 அடி நீளம். 2012 அக்டோபர் 11 அன்று 62 வயதுத் தொழிலாளி ஒருவர் பழுது பார்க்க அதற்குள் போனார். சக தொழிலாளிகள் அவர் கழிவறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தார்கள். சுமார் ஐந்தரை டன் மீன் டப்பாக்களை உள்ளே தள்ளிக் கதவை மூடி அடுப்பை ஓடவிட்டார்கள். பிறகு ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் தேடினார்கள். அவர் அடுப்புக்குள்ளேயே இறந்துகிடந்தார். வழக்கு 2015-இல் 60 லட்சம் டாலருக்குத் தீர்ந்தது. மெயினில் ஒரு பூட்டும் அவர் சட்டைப்பையில் அதன் சாவியும் இருந்திருந்தால் அந்த அடுப்பு ஓடியிருக்காது. இத்தனைக்கும் அமெரிக்காவில் லாக்அவுட் விதி 1989-லேயே எழுதப்பட்டுவிட்டது. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஆண்டுக்குச் சுமார் 120 உயிரும் 50,000 காயங்களும் தவிரும் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு.

தூரத்து ஊர் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். 2024 ஆகஸ்டில் திருவள்ளூரை அடுத்த காக்களூர் ஆவின் பால் பண்ணையில், பால் பாக்கெட் அடுக்கும் வேலையில் இருந்த 30 வயதுப் பெண்ணின் துப்பட்டாவும் தலைமுடியும் இயந்திரத்தில் சிக்கி அவர் இறந்துபோனார். காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட்டுக்குப் பின்னால் அப்படி ஓர் இரவு இருந்தது. அது பூட்டின் கதையல்ல, காப்பின் கதை: சுற்றுகிற பாகம் எதுவும் துணிக்கும் முடிக்கும் எட்டக்கூடாது. பூட்டும் காப்பும் அண்ணன் தம்பி. ஓடும்போது காப்பு, நிற்கும்போது பூட்டு.

சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சுற்றும் பாகங்களுக்கு வேலி கேட்டது. 22-ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் போடவோ தனிப்பயிற்சி பெற்ற ஆண் ஒருவரை மட்டுமே அனுமதித்தது. அவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை முதலாளி தர வேண்டும், அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றது. பெண்களையும் பதினெட்டு நிரம்பாதவர்களையும் ஓடும் இயந்திரத்தைத் துடைக்கச் சொல்லவே கூடாது என்றும் சொன்னது. எழுபத்தைந்து ஆண்டுக்கு முன்பு எழுதியவர்கள் புடவையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மனமில்லாத ஒரு கணக்கும் சட்டத்தில் இருந்தது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை விரல்களுக்கு மதிப்புப் போட்டிருந்தது: கட்டை விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, சுண்டு விரல் 7. சாமை புடைக்கிற பெண்ணுக்குச் சுண்டு விரலின் விலை அதுதானா என்று அந்த அட்டவணை கேட்டதில்லை.

ஆனால் இந்தச் சட்டமெல்லாம் மலைக்கு ஏறுவதில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது இருபதாகிவிட்டது. ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஓட்டும் சாமை மில்லுக்குள் ஆய்வாளர் வந்து நிற்கப்போவதில்லை. மும்பை வொர்லியில் 2024 டிசம்பரில் சீன உணவுக் கடைக்கு மூலப்பொருள் அரைத்த 19 வயது இளைஞனின் சட்டை கிரைண்டரில் சிக்கி உயிர் போனதும் இப்படிப்பட்ட ஒரு சின்ன இடத்தில்தான். இருபது பேர் இல்லாத இடத்திலும் மோட்டார் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது.

ஆகவே மலையில் இந்தப் பொறுப்பு, இயந்திரத்தை வாங்கித் தருகிறவர்களிடமும் ஓட்டுகிறவர்களிடமும் வந்து நிற்கிறது. மானியத்தில் இயந்திரம் கொடுக்கும்போதே பெல்ட்டுக்கு வலைமூடியும், நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரும், பூட்டோடு கூடிய மெயின் பெட்டியும் கணக்கில் சேர்ந்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிறகு வருவதேயில்லை. பயிற்சி நாளில் சாமையை எவ்வளவு நேரம் ஓட்டினால் குருணை குறையும் என்று சொல்லிக்கொடுப்பவர், அடைத்துக்கொண்டால் முதலில் எங்கே நடந்துபோக வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்: இயந்திரத்தின் வாய்க்கு அல்ல, மெயினுக்கு. பிளக்கில் ஓடும் சிறிய இயந்திரமென்றால் பிளக்கைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சாவியைப் பற்றி ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. நம் வீடுகளில் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வது வழக்கம். மில்லில் முந்தானைதான் முதலில் பெல்ட்டுக்குள் போகும் துணி. அதனால் முந்தானையைச் சுற்றி இடுப்பில் இறுக்கிச் செருகி, தலைமுடியைக் கொண்டையாக முடிந்து துணி கட்டி, மேலே பையுள்ள ஒரு சட்டை போட்டுக்கொண்டு, சாவியை அந்தப் பையில் வைப்பது நல்லது. வயல்வேலைக்குப் புடவைமேல் சட்டை போட்டுப் போகும் பெண்களுக்கு இது புதிய வேஷமல்ல.

நேயர்களே, அடுத்த முறை மாவு அரைக்கவோ மிளகாய்த்தூள் திரிக்கவோ போகும்போது, வரிசையில் நிற்கும் நேரத்தில் மில்லின் பெல்ட்டை ஒருமுறை பாருங்கள். அதன்மேல் வலைமூடி இருக்கிறதா, மெயின் பெட்டியில் பூட்டு மாட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மில்காரரிடம் கேளுங்கள். நீங்கள் வாடிக்கையாளர், நீங்கள் கேட்டால் அவர் காதில் விழும்.