காலையில் காலியாகும் கட்டில்

பட்டதாரிகளே, உங்கள் உழைப்பை மற்றவர்கள் பாராட்டிவிட்டார்கள். நானும் மனமாரப் பாராட்டுகிறேன். எனக்குத் தந்த நேரத்தில் ஒரே ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன்: மருத்துவமனையில் யாருக்கு எந்தக் கட்டில், எப்போது என்று ஒழுங்கு செய்யும் தாதியின் வேலை. தாதிமை படித்தவர்கள் கவனிப்பீர்கள் என்று தெரியும். நிர்வாகமும் பொறியியலும் படித்தவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். கடைசியில் உங்களிடம்தான் வரப்போகிறேன்.

பினாங்கு மாநிலத்தின் இந்த சிம்பாங் அம்பாட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் சுங்கை பாக்காப், புக்கிட் மெர்தாஜாம், செபராங் ஜெயா மருத்துவமனை என்று கிளம்புகிறோம். சிக்கலான நோயென்றால் பாலம் கடந்து பினாங்கு பொது மருத்துவமனைக்கு. எமர்ஜென்சியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள், மருத்துவர் பார்க்கிறார், வார்டில் சேர்க்கச் சொல்லி எழுதுகிறார். அதன் பிறகுதான் குடும்பத்தின் பொறுமை சோதிக்கப்படுகிறது. மணிக்கணக்கில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் அம்மாவைப் பார்க்கிறவர் கேட்பது ஒன்றே: ஏன் இன்னும் கட்டில் இல்லை? புதுக் கட்டடம் வேண்டும் என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் பதில். வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் இருக்கும் கட்டில் எத்தனை மணிக்கு விடுபடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. நோயாளியைச் சேர்ப்பது எமர்ஜென்சி வாசலில் தொடங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் அது, குணமான இன்னொருவர் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தொடங்குகிறது.

இது வெறும் பேச்சில்லை, கணக்கு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் நிறுவிய விதி ஒன்று உண்டு: ஓரிடத்தில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, வருவோரின் வீதத்தை அவர்கள் தங்கும் காலத்தால் பெருக்கினால் கிடைக்கும். 28 கட்டில் உள்ள வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சராசரியாக 4 நாள் தங்கினால், அந்த வார்டு நாளொன்றுக்கு 7 பேரை ஏற்கலாம். தங்கும் காலத்தில் அரை நாள் குறைந்தால் 8 பேர். ஒரு செங்கல்கூட வைக்காமல் தினமும் ஒருவருக்குக் கூடுதலாக இடம். நோயாளிகள் சீராக வருவதில்லையே என்பீர்கள். சரிதான். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1999-இல் வந்த ஒரு மாதிரி ஆய்வு அதைத்தான் ஆராய்ந்தது: கட்டில்கள் சராசரியாக 85 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பினால் இடமில்லாத அபாயம் தெரியத் தொடங்குகிறது, 90-ஐ எட்டினால் கட்டில் தட்டுப்பாடு வாடிக்கையாகிவிடுகிறது. அந்த விளிம்பில் ஓடும் மருத்துவமனையில் அரை நாள் என்பது சிறிய விஷயமில்லை.

கட்டில் ஒதுக்கத் தாதி எதற்கு, கணினித் திரையில் காலிக் கட்டில் தெரியாதா, ஒரு குமாஸ்தா போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டெங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்குகிறது. பார்ப்பவருக்கு ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து உயிருக்கு ஆபத்து வரக்கூடிய ஒன்றிரண்டு நாள் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் கடைசி மூலைக்குத் தள்ளுவது படிக்காதவர் செய்யும் வேலை. தாதிகளின் மேசைக்கு எதிரில் போடுவது படித்தவர் செய்யும் வேலை. காசநோய் சந்தேகம் உள்ளவருக்குத் தனியறை, மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் இணைப்பு, இரவில் தடுமாறி எழும் முதியவருக்குக் கண்ணில் படும் இடம். கட்டில் எல்லாம் ஒன்றுபோல் தெரிவது திரையில் மட்டும்தான். செல்வாக்கு இருப்பவரின் தொலைபேசி அழைப்புக்கு, "இவரைவிட அவருக்கு அவசரம்" என்று காரணத்தோடு பதில் சொல்லவும் மருத்துவ அறிவு வேண்டும். அந்தக் காலத்தில் வால்டோர், கலிடோனியா போன்ற தோட்டங்களில் யார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பதில் டிரஸ்ஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளரின் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருந்தது என்று உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். அத்தகைய அதிகாரம் படித்த, பதில் சொல்லக் கடமைப்பட்ட கையில் இருக்க வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வார்டிலேயே ஆள் பற்றாமல் இருக்கும்போது அனுபவமுள்ள தாதியைப் பிடுங்கி மேசையில் உட்காரவைப்பதா? லிண்டா ஐகன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியதாகக் கண்டார்கள். அதனால் இது தனிப் பணியிடமாக இருக்க வேண்டும், வார்டிலிருந்து கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதே ஆய்வை என் பக்கமும் இழுப்பேன்: கடுமையான நோயாளிகள் மூவர் ஒரே நேரத்தில் ஒரே வார்டில் வந்து குவிந்தால், அந்தச் சுமையை எந்த எண்ணிக்கை காட்டும்? அதைப் பிரித்துக் கொடுப்பதும் இந்தத் தாதிதான்.

கட்டிலை விடுவிப்பதற்காகக் குணமாகுமுன் துரத்துவீர்களா என்றும் கேட்கலாம். அவசரப்படுத்துவது வேறு, முன்கூட்டியே ஆயத்தம் செய்வது வேறு. நீரிழிவையே எடுத்துக்கொள்வோம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம் என்று இத்தகைய ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பதை வீடு திரும்பும் நாள் மதியத்துக்குத் தள்ளிவைத்தால் கட்டிலும் போகிறது, கற்றதும் மனத்தில் நிற்பதில்லை. சேர்ந்த மறுநாளே தொடங்கினால், கிளம்பும் நாளில் மருந்தும் அடுத்த பரிசோதனைத் தேதியும் காலையிலேயே கையில் இருக்கும். இதில் நோயாளிக்கு என்ன நட்டம்?

எல்லாம் ஆயத்தமாகியும் நோயாளி மாலைவரை கட்டிலில் உட்கார்ந்திருக்கும் நாள்கள் உண்டு. அழைத்துப்போக வேண்டிய மகன் பத்து காவானிலோ புக்கிட் மின்யாக்கிலோ தொழிற்சாலை ஷிப்டில் இருக்கிறான். ஏழு மணிக்குத்தான் விடுவார்கள். அந்த நேரத்தில் எமர்ஜென்சியில் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பவர் அவனோடு வேலை செய்பவரின் தாயாராக இருக்கலாம். நிர்வாகமும் பொறியியலும் படித்தவர்களே, சில ஆண்டுகளில் அந்தத் தொழிற்சாலைகளில் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நீங்கள். "அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுகிறார்கள், காலை பத்து மணிக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்" என்று ஒருவர் வந்து நின்றால், சம்பளம் பிடிக்காமல் கொடுத்து அனுப்புங்கள்.