பெரிய கார் வாங்கும்போது பேரம் பேசலாமா?
(தில்லியில் நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்துக்கு என் பிள்ளையின் புது எஸ்.யு.வி.யில் வந்து இறங்கினேன். அன்றிலிருந்து நாலைந்து பேர், "என்ன விலைக்கு முடிச்சேள், எப்படிப் பேசினேள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகம் படித்தவன். உத்தியோகத்தில் பாதிக் காலம் இலாகாவின் கொள்முதல் பிரிவில் போயிற்று. கார் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட டெண்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதிகம். இந்த விஷயத்தில் பிரயோஜனப்பட்டதும் அதுதான்.

நம் தலைமுறைக்கு கார் பேரம் என்பதே பழக்கமில்லை. 1983இல் மாருதிக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்துவிட்டு வரிசையில் காத்திருந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அதற்கு முன் ஃபியட்டுக்கு வருஷக் கணக்கில் காத்திருந்தோம். கிடைத்தால் போதும், கலர்கூட நம் இஷ்டமில்லை. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. இப்போது ஷோரூமில் நுழைந்தால் ஏ.சி., தோல் சோபா, வெள்ளிக் கரண்டியோடு காபி. எதிரில் கோட்டு சூட்டில் ஒரு பையன், 'சார், சார்' என்று நாலு தடவை குனிகிறான். வாசலில் ஐந்து ரூபாய்க்குக் கத்தரிக்காய்க்காரனிடம் வாதாடுகிற நமக்கு, அங்கே ஐந்து லட்சத்தைக் குறைக்கச் சொல்ல வாய் வருவதில்லை. கௌரவக் குறைச்சல் என்று தோன்றுகிறது. அந்த சோபாவைப் போட்டிருப்பதே அதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் விலை என்றால் என்ன என்று பார்ப்போம். எக்ஸ்-ஷோரூம் விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் கம்பெனிக்கும் டீலருக்கும் போவது ஏறத்தாழ 35 லட்சத்து 71 ஆயிரம்தான். மீதி 14 லட்சத்து 29 ஆயிரம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இப்படிப்பட்ட பெரிய வண்டிக்கு வரி 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீத வரியும் 22 சதவீத செஸ்ஸுமாக 50 சதவீதம் இருந்தது. ஆகவே, "வரி குறைந்ததில் உங்களுக்கு மூன்றரை லட்சம் தள்ளுபடி சார்" என்று ஒருவர் சொன்னால், அது அவர் தரும் தள்ளுபடி அல்ல, சர்க்கார் விட்டுக்கொடுத்தது. அதைத் தள்ளிவிட்டு அவருடைய பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று. மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி 2021 அக்டோபரிலிருந்து வண்டியைத் தன் கையிருப்பிலேயே வைத்துக்கொண்டு, நம் பெயருக்கு நேரடியாக பில் போடுகிறது. நாடு முழுக்க ஒரே விலை. அங்கே டீலரிடம் விலையைக் குறையுங்கள் என்பதில் அர்த்தமில்லை. பேச இடமுள்ளது பழைய வண்டியின் மதிப்பு, இன்ஷூரன்ஸ், உபரிச் சாமான்கள் இவற்றில்தான். எந்தக் கம்பெனிக்கு எந்த ஏற்பாடு என்று போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என் ஆத்துக்காரிக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. தாழ்வான காரில் குனிந்து உட்கார முடியாது. உயரமான வண்டி வேண்டும் என்று பிள்ளை சொன்னதற்கு அது ஒரு நியாயமான காரணம். (மற்ற காரணம், அவன் ஆபீஸில் எல்லாரும் வைத்திருப்பது.) மூன்று ஷோரூமுக்கும் அவளை அழைத்துக்கொண்டு போனோம். ஒன்றில் படி அவ்வளவு உயரம், ஏறவே முடியவில்லை. "கோயில் யானை மேல ஏறற மாதிரின்னா இருக்கு" என்று கீழேயே நின்றுவிட்டாள். விளம்பரத்தில் எத்தனையோ அங்கங்கள் போடுகிறார்கள், ஆசனம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று போடுவதில்லை. வண்டியைத் தேர்ந்தெடுத்தது அவள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி முடிவானதும், ஒரே மாடல், ஒரே கலர், ஒரே மாதிரி இன்ஷூரன்ஸ் என்று குறிப்பிட்டு மூன்று டீலர்களுக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியே தொகை வேண்டும் என்றும் கேட்டோம். டெண்டரில் முதல் பாடம் இதுதானே, சரக்கு ஒன்றாக இல்லாவிட்டால் விலையை ஒப்பிட முடியாது. ஒருவர், "நேரில் வாங்க சார், நல்லபடியா செஞ்சு தரேன்" என்றாரே தவிர எழுதித் தரவில்லை. அவரை விட்டுவிட்டோம். மற்ற இருவர் அனுப்பியதை நான் பழைய வழக்கப்படி கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியலாக எழுதினேன்.

முதலாமவர் தள்ளுபடியே தரவில்லை. எக்ஸ்-ஷோரூம் 50 லட்சம், சாலை வரி 5 லட்சம், டி.சி.எஸ். 50 ஆயிரம், இன்ஷூரன்ஸ் 2,15,000, ஹேண்ட்லிங் 25 ஆயிரம், உபரிச் சாமான்கள் 60 ஆயிரம், நீட்டித்த வாரண்டி 90 ஆயிரம். மொத்தம் 59,40,000. இரண்டாமவர் எடுத்த எடுப்பில் ஒரு லட்சம் தள்ளுபடி என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார். பிள்ளை அதைப் பார்த்து அங்கேயே போகலாம் என்றான். அவர் பட்டியலில் இன்ஷூரன்ஸ் 2,60,000, ஹேண்ட்லிங் 40 ஆயிரம், உபரிச் சாமான்கள் 1,10,000. கூட்டிப் பார்த்தால் 59,49,000. தள்ளுபடி கொடுத்தவர் ஒன்பதாயிரம் அதிகம்!

இந்த இனங்களில் சாலை வரியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தில்லியில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிக்கு 10 சதவீதம், டீசலுக்கு 12.5 சதவீதம். டீசல் வண்டிகளின் பத்து வருஷ விவகாரம் 2015 முதல் கோர்ட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நாங்கள் பெட்ரோல். டி.சி.எஸ். என்பது 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு 2016 ஜூன் முதல் பிடிக்கும் 1 சதவீதம். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். டீலரிடம் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒன்றை எந்தச் சட்டத்திலும் காணோம். வண்டியைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து துடைத்து வைப்பது வியாபாரியின் வேலை. "இது எந்த விதிப்படி என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். மானேஜரிடம் போய்வந்த பையன், அந்த வரியை அடித்துவிட்டான்.

பெரிய இடம் இன்ஷூரன்ஸ்தான். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நம் வண்டிக்கான காப்பீட்டை வருஷா வருஷம் எடுக்கலாம். இதை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கிடையாது. வெளியே எடுத்தால் ரிப்பேரின்போது கைப்பணம் கட்டவேண்டி வரும் என்று பயமுறுத்துவார்கள். அந்த ஒர்க்‌ஷாப் தங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே எழுதிக் கேட்டால் பதில் வந்துவிடும். இதைவிட முக்கியம், நோ கிளெய்ம் போனஸ். அது வண்டியைச் சேர்ந்ததல்ல, சொந்தக்காரரைச் சேர்ந்தது. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் 50 சதவீதம், நம் வண்டிக்கான பிரீமியத்தில் குறையும். பழைய வண்டியை விற்கும்போது கம்பெனியிடமிருந்து சான்றிதழ் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு டீலர்களுமே இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பிள்ளையின் பழைய வண்டிக்கு முழு 50 சதவீதமும் இருந்தது. அதே காப்பீட்டு மதிப்பு, அதே ஜீரோ டெப்ரிசியேஷன் என்று வெளியில் கேட்டு வாங்கிய தாளைக் காட்டியதும், 2,15,000 என்றவர் 1,58,000க்கு இறங்கினார்.

வண்டி எந்த மாதம் தயாரானது என்றும் கேட்க வேண்டும். சேஸிஸ் எண்ணில் 17 இலக்கங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். 2024க்கு ஆர், 2025க்கு எஸ், 2026க்கு டி. விற்பனைச் சான்றிதழான 21ஆம் எண் படிவத்திலும் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். நாங்கள் வாங்கியது 2026 ஜனவரியில். கிடங்கில் நின்றது 2025 நவம்பர் வண்டி. பிள்ளை பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவன், அவனுக்கு அது பெரிதல்ல. டீலருக்கோ அதைத் தள்ளியாக வேண்டும். தெரிந்தே அதைக் கேட்டோம், ஒன்றரை லட்சம் குறைத்தார். சீட்டு உறை, குரோமியப் பட்டை என்ற 60 ஆயிரம் ரூபாய்ச் சாமான்கள் வேண்டாம் என்றோம், கால்மிதியை மட்டும் சும்மா கொடுத்தார். வாரண்டி 75 ஆயிரம். கடைசியில் 56,31,500. முதல் பட்டியலைவிட 3,08,500 குறைவு.

பழைய வண்டியை அங்கேயே கொடுத்தோம். இரண்டு வெளி வியாபாரிகளிடம் விலை கேட்டுக்கொண்டு போனால் போதும், அவர்கள் முதலில் சொல்லும் தொகை ஏறும். ஆனால் 29, 30ஆம் படிவங்களைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு மறந்துவிடாதீர்கள். பெயர் மாற்றம் ஆகாமல் விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு ஆன பிறகுதான் அசல் பேரம் ஆரம்பித்தது. அது கடன் விஷயம். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி. ஐந்து வருஷத்துக்கு மாதத் தவணை 62,275. "எதுக்கு சார் சிரமம், ஏழு வருஷம் போட்டுக்கங்க, 48 ஆயிரம்தான்" என்றார் ஃபைனான்ஸ் மேஜையில் இருந்தவர். பிள்ளைக்கும் நாட்டுப்பெண்ணுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. நான் காகிதத்தை எடுத்தேன். ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் 7 லட்சத்து 36 ஆயிரம். ஏழு வருஷத்தில் 10 லட்சத்து 54 ஆயிரம். வித்தியாசம் 3,18,000. ஒரு மாதம் அலைந்து குறைத்த 3,08,500 முழுக்க அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும்! தவணையை வைத்துப் பேரம் பேசாதீர்கள், மொத்தத்தை வைத்துப் பேசுங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதற்காகத்தான். சிலர் 'ஃப்ளாட் 6 சதவீதம்' என்பார்கள். ஐந்து வருஷத்துக்கு அது உண்மையில் குறையும் நிலுவைக் கணக்கில் ஏறத்தாழ 10.8 சதவீதம். 2024 அக்டோபர் முதல் இதுபோன்ற கடனுக்கு மொத்தச் செலவை வருட சதவீதமாகக் காட்டும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

லீஸ் பற்றியும் பிள்ளையின் கம்பெனியில் சொன்னார்கள். சம்பளத்திலிருந்து வாடகை போகும், வரியில் கொஞ்சம் மிச்சம். ஆனால் வண்டி லீஸ் கம்பெனியின் பெயரில். நாலு வருஷம் கழித்து என்ன விலைக்கு நமக்குத் தருவார்கள், நடுவில் உத்தியோகம் மாறினால் எவ்வளவு கட்ட வேண்டும், வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டான். இரண்டாவதற்கு வந்த பதிலைப் பார்த்து அவனே வேண்டாம் என்றுவிட்டான். வேலை மாறாமல் இருக்கிறவர்களுக்கு அது லாபமாகவும் இருக்கலாம். பென்ஷன்காரர்களான நமக்கு அதில் வேலையில்லை.

இனி சொல்வது கொஞ்சம் வீட்டு விஷயம். கடனைக் குறைக்க, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் நான் போட்டிருக்கும் பணத்தில் பத்து லட்சத்தை எடுத்துக் கொடுங்களேன் என்று பிள்ளை கேட்டான். இங்கே உள்ள மூன்று பேர் இதே கேள்வி தங்கள் வீட்டிலும் வந்ததாகச் சொன்னதால்தான் இதைப் பேசுகிறேன். இரண்டு வருஷம் முடிந்த கணக்கை மூடினால் அசலில் 1 சதவீதம் பிடிப்பார்கள், அது போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டி நின்றுபோகும். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் ஆத்துக்காரிதான், "அந்த வட்டிலதான் என் பிசியோதெரபியும் உங்க மருந்துக் கடையும் நடக்கறது. கார்ல ஏறிண்டு போய் யார்ட்ட கை நீட்டறது?" என்று கேட்டாள். இரண்டு நாள் பிள்ளை சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஐந்து வருஷத் தவணைக்கே கையெழுத்துப் போட்டான். என் சேமிப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன் ஆசனம் அவன் அம்மாவுக்கு என்று ஆகிவிட்டது, நான் பின்னால்தான்.

ஒப்பீட்டுப் பட்டியலின் காலித் தாள் இருபது பிரதி எடுத்துவந்திருக்கிறேன், செயலாளரிடம் வாங்கிக்கொள்ளலாம். காபி வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு கேளுங்கள்.