பெருமரங்களுக்கு ஒரு பேரேடு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மரங்களைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபோது, கற்றோர் பலர் கூடும் இச்சபையில் மெட்ரிகுலேஷனோடு நின்ற ரயில்வே குமாஸ்தா ஒருவன் என்ன சொல்லிவிட முடியும் என்று தயங்கினேன். "அளப்பதும் எழுதி வைப்பதும் உமது தொழில்தானே, அதையே பேசும்" என்றார் அவர். ஆகவே, பெரிய மரங்களைத் தேடி அளப்பதைப் பற்றியே பேசத் துணிந்தேன்.

ஹுக்ளி நதியின் மேற்குக் கரையில், சிப்பூரில், 1787-ஆம் ஆண்டு ராபர்ட் கிட் என்பவர் முயற்சியால் தோன்றிய தாவரவியல் தோட்டத்தை நாம் யாவரும் அறிவோம். ஊரிலிருந்து வரும் உறவினரை அங்கு அழைத்துச் செல்லாத குடும்பம் நம்மில் இராது. "இதோ பெரிய ஆலமரம்" என்று காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதன் பெருமை எத்தகையது என்று நின்று கேட்டவர் சிலரே.

அம்மரத்துக்கு வயது இருநூற்றைம்பதுக்குக் குறையாது என்பர். 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்கள் அதன் கிளைகளை முறித்தன. முறிந்த இடங்களில் காளான் நோய் புகுந்தது. முடிவில், சுமார் 15.7 மீட்டர் சுற்றளவு கொண்டிருந்த அடிமரத்தை 1925-இல் அறுத்து அகற்ற வேண்டியதாயிற்று. ஆயினும் மரம் மாளவில்லை. 3,700-க்கும் மேற்பட்ட விழுதுகள் தாங்க, ஏறக்குறைய 18,900 சதுர மீட்டர் நிலத்தில் அது இன்றும் நிழல் பரப்பி நிற்கிறது. அதனைச் சுற்றி 330 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை அமைத்தார்கள். மரமோ அப்பாதையையும் தாண்டிச் சென்றுவிட்டது! 1987-இல் நம் சர்க்கார் அதன் உருவம் பொறித்த தபால் தலை ஒன்றும் வெளியிட்டனர்.

இதனினும் பெரிய மரம் ஒன்று ஆந்திரத்தில், கதிரி என்னும் ஊருக்கு அருகில், திம்மம்மா பெயரால் வழங்கி வருகிறது. கணவனுடன் உடன்கட்டை ஏறிய திம்மம்மாவின் சிதைக்கு நாட்டிய கழியொன்று துளிர்த்து ஆலமரமாயிற்று என்பது அவ்வூர் நம்பிக்கை. பிள்ளை வரம் வேண்டுவோர் அங்குத் தொழுவது வழக்கம். சுற்றியுள்ள மக்கள் வணங்கிவந்த அம்மரத்தை வெளியுலகுக்கு அறிவித்தவர் பெங்களூர்ப் பத்திரிகையாளர் ரிக்ரெட் ஐயர். பத்திரிகைகள் தம் கட்டுரைகளை வருத்தம் தெரிவித்துத் திருப்பியனுப்ப, அந்த வருத்தத்தையே பெயராகச் சூடிக்கொண்ட மனிதர் அவர்! 19,107 சதுர மீட்டர் என்னும் அளவுடன் 1989-இல் அம்மரம் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. சிப்பூர் மரத்துக்கும் அதற்கும் வேற்றுமை மிகச் சொற்பமே. இரண்டும் வளரும் மரங்கள், ஒரே நாளில் அளக்கப்பட்டவையும் அல்ல. ஆகவே இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் விரும்பவில்லை.

பெரிது என்பதற்கு இலக்கணம் யாது? அமெரிக்க தேசத்தில் 1940 முதல் பெருமரங்களுக்குப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவை அங்குலத்திலும், உயரத்தை அடியிலும், கிளைப்பரப்பின் அகலத்தில் காற்பங்கை அடியிலும் எடுத்து, மூன்றையும் கூட்டிப் புள்ளி இடுவது அவர்கள் முறை. நல்ல முறைதான். ஆனால் நம் சிப்பூர் ஆலமரத்துக்கு அடிமரமே கிடையாதே! முதல் தொகை சூன்யமாகிவிடுகிறது. கணக்குச் சரியாக இருந்தும் விடை பொருந்தாமற் போவதை ஆபீசிலும் நான் கண்டதுண்டு.

நம் தேசத்திலும் மகாவிருக்ஷ புரஸ்கார் என்று ஒரு விருது ஏற்படுத்தினார்கள். கேரளத்துப் பரம்பிக்குளம் காட்டில் சுமார் 40 மீட்டர் ஓங்கி நிற்கும் கன்னிமரா தேக்கு, 1994-95-இல் அவ்விருதைப் பெற்றது. பொள்ளாச்சிப் பக்கத்தவர்க்கு அது அண்டை வீட்டு மரம்; அங்குச் செல்லும் சாலையே நம் ஆனைமலை வழியாகத்தான் போகிறது. வெட்ட முற்பட்டபோது குருதி கசிந்தது என்று நம்பி, மலைவாழ் மக்கள் அதனைத் தெய்வமாக வணங்கலாயினர். விருது வருமுன்னரே அம்மரத்தைக் காத்தது அந்த வணக்கம்.

வணங்குவாரும் அளப்பாரும் இன்றி ஒரு மரம் போனதை இனிச் சொல்கிறேன். நம் காலனி வாயிலில் நின்ற தூங்குமூஞ்சி மரம், 2020 மே 20 இரவு ஆம்பன் புயலில் வீழ்ந்தது. அதன் நிழலில்தான் நம் பிள்ளைகள் பள்ளி வண்டிக்குக் காத்து நின்றார்கள். பின்னர் அதனை அறுத்து லாரியில் ஏற்றிச் சென்றபின், அது எத்துணைப் பெரியது என்று பேச்சு எழுந்தது. நால்வர் சேர்ந்தால் அணைக்கலாம் என்றார் ஒருவர். அறுவர் வேண்டும் என்றார் மற்றொருவர். பதினெட்டு ஆண்டுகள் அதனடியில் நடந்து ஆபீசுக்குச் சென்றவன் நான். காணாமற் போன மூட்டையொன்றின் எடையைக்கூடப் பழைய ஏட்டிலிருந்து எடுத்துக் காட்ட வல்லவன். அம்மரத்துக்கு ஒரு வரி எழுதி வைத்தேனில்லை. அதே புயல் சிப்பூர் மரத்தின் விழுதுகள் சிலவற்றையும் சாய்த்தது. எண்ணி வைத்த மரத்துக்கு இழப்பையும் எண்ணிச் சொல்லலாம். எங்களுக்கு வாதம் ஒன்றே மிஞ்சியது.

அளப்பது கடினமன்று. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், மார்பளவில், நாடாவைச் சுற்றினால் சுற்றளவு கிடைக்கும். உயரத்துக்கு ஏணி வேண்டாம்; வெயில் போதும். சென்ற ஞாயிறன்று, மன்றத்தின் பின்புறமுள்ள அரசமரத்தை என் மகளும் நானும் அளந்தோம். ஒரு மீட்டர்க் கோலை நட்டோம். அதன் நிழல் 80 சென்டிமீட்டர். அவ்வேளையில் மரத்தின் நிழல் 14 மீட்டர். பதினான்கை எட்டால் வகுத்துப் பத்தால் பெருக்கிப் பதினேழரை மீட்டர் என்று அவள்தான் முதலில் சொன்னாள். சுற்றளவு 4 மீட்டர் 62 சென்டிமீட்டர்.

இவ்விவரங்களைத் தேதியுடன், அளந்தவர் பெயருடன், ஒரு பேரேட்டின் முதற் பக்கத்தில் எழுதிக் காரியதரிசி அவர்களிடம் ஒப்படைத்துள்ளேன். மற்றப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. குளத்தங்கரை வேம்பும், ஆஸ்பத்திரிச் சாலையின் இரு மருதமரங்களும் இன்னும் அளக்கப்படவில்லை. நாடா சங்கத்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.