டிவிக்குப் பின்னால் ஒரு பார்வை

(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் நம் குடியிருப்பில் யாராவது சவுண்ட்பாரோ ஹோம் தியேட்டரோ வாங்கினால், "சார், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுகிறீர்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டியில் கோளாறு இருக்காது. ஒயரை எதில் செருகினோம் என்பதில்தான் இருக்கும்.

கடையில் நாம் எத்தனை வாட்ஸ், எத்தனை ஸ்பீக்கர் என்றுதான் கேட்கிறோம். அதற்கு முன்னால் உங்கள் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எதை வாங்கலாம் என்பதை அங்கே இருக்கிற சாக்கெட்டுகள்தான் சொல்லும்.

முதலில் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர். மஞ்சளில் படம் போகும். சிவப்பிலும் வெள்ளையிலும் சத்தம் போகும். பழைய டிவிடி பிளேயருக்கு அது போதும். ஆனால் அதில் எச்டி படம் போகாது. மாதாமாதம் எச்டி சேனலுக்குப் பணம் கட்டிவிட்டு, செட்-டாப் பாக்ஸை இந்த ஒயரில் இணைத்திருந்தால் அந்தப் பணம் வீண். இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது எச்டிஎம்ஐ. படமும் சத்தமும் ஒரே கேபிளில் போகும். டிவியில் மூன்று நான்கு எச்டிஎம்ஐ சாக்கெட் இருந்தாலும், பொதுவாக ஒன்றின் பக்கத்தில் மட்டும் 'ஏஆர்சி' அல்லது 'ஈஏஆர்சி' என்று அச்சிட்டிருக்கும். மற்றவை சத்தத்தை உள்ளே வாங்குபவை. இது ஒன்றுதான் டிவியில் இருந்து சத்தத்தை வெளியே தருவது. சவுண்ட்பாரை இதில்தான் செருக வேண்டும். பிறகு செட்டிங்ஸில் சிஇசி வசதியை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். செய்துவிட்டால் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் வால்யூம் கூடும், குறையும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பிள்ளைகள் ஆபீஸ் போன பிறகு பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். மூன்று ரிமோட்டைக் கண்டு பயந்து, டிவியே போடாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே ரிமோட் என்றால் அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

ஏஆர்சி 2009-ல் வந்தது. அதற்கு முந்தைய டிவி என்றால் ஆப்டிகல் ஒயர் இருக்கிறது. அதன் முனைகளில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். ஒயரை மடக்காதீர்கள். 5.1 டால்பி டிஜிட்டல் இதில் வரும், அட்மாஸ் வராது. ஆகவே ஆப்டிகல் மட்டும் உள்ள டிவிக்காக, அட்மாஸ் என்று சொல்லி விற்கும் சவுண்ட்பாருக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஓடிடி தளங்களில் வரும் அட்மாஸுக்கு, டிவியும் அதை அனுப்பக்கூடியதாக இருந்தால், ஏஆர்சி போதும். புளூரே டிஸ்க்கில் உள்ள முழுத் தரத்துக்கு ஈஏஆர்சி வேண்டும். அதுவும் டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் இருக்க வேண்டும். பற்று ஒரு பக்கம் இருந்து வரவு மறுபக்கம் இல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது இல்லையா?

"பாட்டு வீட்டை இடிக்கிறது, வசனம் காதில் விழவில்லை" என்பது பலர் சொல்லும் குறை. 5.1 செட்டில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். டிவியின் ஆடியோ செட்டிங் 'பிசிஎம்' என்று இருந்தால், ஏஆர்சியிலும் ஆப்டிகலிலும் இரண்டு ஸ்பீக்கருக்கான சத்தம்தான் போகும். 'ஆட்டோ' அல்லது 'பாஸ்-த்ரூ' என்று மாற்றிப் பாருங்கள். சத்தமே வராமல் போனால் மறுபடி பிசிஎம்முக்குத் திரும்பலாம்.

கேபிள் விலைக்கு வருவோம். டிஜிட்டல் சிக்னல் வந்தால் முழுதாக வரும். கேபிள் சரியில்லை என்றால் படம் புள்ளி புள்ளியாக மின்னும், அல்லது போய்ப் போய் வரும். விலை கூடிய கேபிளில் நிறம் பளிச்சென்று தெரியும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தங்க முலாம் துருப்பிடிப்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். 4கே படத்துக்கு 18 ஜிபிபிஎஸ் தாங்கும் 'பிரீமியம் ஹைஸ்பீட்' கேபிள் போதும். புதுக் கேம் கன்சோல் இருந்தால் 48 ஜிபிபிஎஸ் தாங்கும் 'அல்ட்ரா ஹைஸ்பீட்' வாங்குங்கள்.

கடைசியாக, இன்டீரியர் வேலை நடக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் கேபிளைப் புதைத்துப் பூசிவிடாதீர்கள். கேபிள் கெட்டால் சுவரைத்தான் உடைக்க வேண்டும். எச்டிஎம்ஐ முனை நுழையும் அளவுக்கு, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத காலி பைப் ஒன்று போடச் சொல்லுங்கள். கரன்ட் ஒயர் அதில் வரக் கூடாது. உள்ளே இழுப்பதற்கு ஒரு கம்பியும் விட்டு வையுங்கள். இன்றைக்குச் செலவு சில நூறு ரூபாய். நாளை டிவி மாறினாலும் சுவர் மாற வேண்டியதில்லை.

கடைக்குப் போகும் முன் டிவியின் பின்பக்கத்தை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் பேச அது ஒன்றே போதும்.