ஊக்க மருந்தும் உண்மை காட்டும் யந்திரமும்
(பள்ளிப்பட்டில் செய்த சொற்பொழிவு)



விளையாட்டுக்காரர்கள் இரகசியமாய் உட்கொள்ளும் ஊக்க மருந்தைப் பற்றியும், அதைக் கண்டுபிடிக்கும் விதத்தைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்றிருக்கிறேன். இதில் சுயமரியாதைக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பிறர் சொன்னதை நம்பிவிடுவதா, பரீட்சித்துப் பார்த்து ஒப்புக்கொள்வதா என்பதுதான் தோழர்களே, இதிலும் கேள்வி!

திருச்சிக்கடுத்த முடிகண்டம் கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த தோழர் கோமதி மாரிமுத்து 2019ல் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். நாடே கொண்டாடிற்று. பின்னர் அவரது மூத்திரத்தில் நாண்ட்ரோலோன் என்னும் மருந்தின் அடையாளம் இருந்ததாகத் தீர்ப்பாகி, தங்கமும் போய், 4 வருஷத் தடையும் வந்தது. தாம் அம்மாதிரி மருந்தைத் தொட்டதேயில்லை என்றார் அவர். விதியோ, மருந்து எவ்வழியில் புகுந்தாலும் உடம்புக்குடையவரே பொறுப்பாளி என்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மூத்திரத்தை 2 புட்டிகளில் பிரித்து முத்திரையிடுகிறார்கள். பரிசோதனைச் சாலைக்குப் போகும் புட்டியில் பேரில்லை, ஜாதியில்லை. எண் மட்டுமே உண்டு. அதிலுள்ள சரக்குகளைத் தனித்தனியே பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் யந்திரத்தில் செலுத்துகிறார்கள். அது அணுக்கூட்டத்துக்கு மின்சாரம் ஏற்றி, உடைத்து, துண்டுகளின் எடையை நிறுத்துக் காட்டுகிறது. கைரேகை ஆளைக் காட்டுவதுபோல் அத்துண்டுகள் மருந்தைக் காட்டிவிடுகின்றன. ஒரு கிராமை 100 கோடி பங்காக்கி அதில் சில பங்கு இருந்தாலும் தப்பாது.

ஆனால் திருடனும் சும்மா இருப்பதில்லை. 2003ல் அமெரிக்காவில் டி.எச்.ஜி. என்னும் புது மருந்து வெளிப்பட்டது. பழைய முறையில் அது சிதைந்து, அடையாளம் தெரியாமலே போய்க்கொண்டிருந்தது. ஒரு பயிற்சியாளர் அனுப்பிய ஊசிக்குழாயில் ஒட்டியிருந்த மிச்சத்தை டான் காட்லின் கூட்டத்தார் ஆராய்ந்து, அதைக் கண்டறிய வேறு வழி வகுத்தார்கள். இப்போது புட்டிகளை 10 வருஷம் வரை பாதுகாத்து, புது அறிவு வந்தபின் மறுபடியும் பரீட்சிக்கிறார்கள்.

இன்னொன்று கவனியுங்கள். டில்லியிலுள்ள தேசியப் பரிசோதனைச் சாலையின் முறைகளிலேயே குறை கண்டு, உலக ஊக்க மருந்துத் தடுப்பு ஸ்தாபனம் 2019ல் அதன் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. குறைகள் திருத்தப்பட்ட பின் 2021ல்தான் திரும்பக் கிடைத்தது. பரீட்சிக்கிறவனையே பரீட்சிப்பதுதான் விஞ்ஞானம். எந்தப் புரோகிதனாவது, எந்தச் சாமியாராவது இப்படிப் பரீட்சைக்கு உட்பட்டதுண்டா?

வாலிபர்களே! போலீசுக்கும் பட்டாளத்துக்கும் ஓடிப் பழகுகிறீர்கள்; பந்தயத்திலும் ஓடுகிறீர்கள். மாஸ்டர் தந்தார், கடைக்காரன் சொன்னான், சித்தர் இரகசிய லேகியம் என்று பொடியையும் ஊசியையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது, தீர்த்தம் குடித்தால் நோய் தீருமென்று நம்புவதைவிட எவ்விதத்தில் மேல்? இம்மருந்துகள் ஈரலையும் இருதயத்தையும் கெடுக்கும். பெண்களுக்குக் குரலையே மாற்றிவிடும். கொடுத்தவன் பெரும்பாலும் மறைந்துகொள்வான். தண்டனையும் அவமானமும் ஓடினவருக்கே!

ஆகவே, எது கொடுத்தாலும் இதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். யார் கொடுத்தாலும் கேளுங்கள். பதில் சொல்லாதவன் கையால் எதையும் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.