மூச்சும் கயிறும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முத்துக் குளித்தலைப் பற்றிப் பேச நாம் முன்வந்தபோது, விழாக் குழுவினர் சிலர் புன்னகை செய்தனர். விஷ்ராந்த்வாடிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்பது அப்புன்னகையின் பொருள். உண்மைதான். தக்கணத்து மேட்டு நிலத்தில் வாழும் நாம், ஆளந்திச் சாலையில் ஞானேசுவரரின் பல்லக்கோடு வரும் அடியார் வெள்ளத்தை ஆண்டுதோறும் காண்கிறோமேயன்றி அலைகடலைக் காண்பதில்லை. ஆயினும் சென்ற கோடையில் நம் குடியிருப்பில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, இப்பொருளைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்று நம்மைத் தூண்டிற்று.

நம் பிள்ளைகள் இருவர் ஒரு நீச்சல் குளத்திற்குச் சென்றிருந்தனர். நீருக்கடியிலேயே நீந்தி மறுகரையை அடைவது யார் என்று போட்டி. மூத்தவன் விரைவு விரைவாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்கினான். பாதித் தொலைவு சென்றபின் அவன் கைகால்கள் ஓய்ந்தன. அவன் விளையாட்டாகக் கிடக்கிறான் என்றே கரையில் இருந்தோர் எண்ணினர். இளையவன் மட்டும் ஐயுற்று, குதித்து இழுத்து வந்தான். இறையருளால் பிள்ளை பிழைத்தான். “மூச்சு முட்டவே இல்லையே, மாமா! பிறகு எப்படி மயங்கினேன்?” என்று அவன் நம்மைக் கேட்டான். அக்கேள்விக்குரிய விடையே இந்தச் சொற்பொழிவு.

மூச்சடக்கி மூழ்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. தாமிரபரணி கடலொடு கலந்த இடத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது கொற்கை. இன்று கடல் விலகிப்போக, அது உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல் என்னும் பெரிப்ளூசு, கொற்கை முத்துக்களைக் குறிப்பதோடு, தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அவை எடுக்கப்பட்டன என்றும் கூறுகிறது. அரசியரின் கழுத்தில் ஒளிர்ந்த முத்துக்கு விலையாக எத்தகைய உயிர்கள் வைக்கப்பட்டன என்பதை இது காட்டுகிறதன்றோ?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ மற்றொரு செய்தி தருகிறார். சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோர் படகுகளோடு சென்றனராம். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவராம். எதற்காக? இருளில் எவரும் திருட்டுத்தனமாகக் குளித்து முத்தெடுக்கக் கூடாது என்பதற்காக! மந்திரமே அங்கு இரவுக் காவலும் புரிந்தது. இவர்களைக் கடல்கட்டி என்று நம் கடற்கரை மக்கள் அழைத்தனர். பிற்காலத்தில் வெள்ளையர் அரசாங்கமும் கடல்கட்டிக்கு ஊதியம் தந்தது. மந்திரத்தில் அரசுக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அவனின்றிக் குளிப்போர் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதை அது அறிந்திருந்தது.

இனிக் குளிக்கும் முறையைக் காண்போம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் உள்ளன. ஒரு பாகம் ஆறு அடியாதலால், இது முப்பது முதல் அறுபது அடி. கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மீது ஒரு காலை ஊன்றி, மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு குளிப்பவன் இறங்குவான். கல் அவனை விரைந்து அடித்தளத்திற்குக் கொண்டு செல்லும். கல்லை மேலே இழுத்துக்கொள்வர். அவன் ஏறத்தாழ ஒரு நிமிட அளவில் சிப்பிகளை வாரி வலைப்பையில் இட்டு, கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் உடனே இழுப்பான்.

இங்கே இரண்டு செய்திகளை நம் இளைஞர்கள் கருதிப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒரு கல்லுக்கு இருவர் என்பது வழக்கம். ஒருவன் மூழ்கும்போது மற்றவன் மேலே இளைப்பாறுவான். பின்பு முறை மாறும். இரண்டாவது, கயிறு பிடிப்பவனைத் தெரிந்தெடுக்கும் முறை. மனைவியின் உடன்பிறந்தானாகிய மைத்துனனிடமே கயிற்றைக் கொடுக்கவேண்டும் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். தன் தமக்கையின் தாலி அக்கயிற்றின் மறுமுனையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவன் ஒரு கணமும் மறவான் அல்லவா? எடுத்த சிப்பியில் இரு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளித்தோர்க்கும் என்பது வெள்ளையர் காலத்தில் பரவலாக இருந்த ஏற்பாடு. அந்த ஒரு பங்கிலும் கயிறு பிடித்தவனுக்கு உரிமை உண்டு. நனையாமல் மேலே நின்றவன்தானே என்று எவரும் அவன் பங்கை மறுக்கவில்லை.

கடல்கள் பலவாயினும் அறிவு ஒன்றே. மத்தியதரைக் கடலின் பாறைக் கரைகளில் கடற்பஞ்சு எடுத்த கிரேக்கரும் இவ்வாறே தட்டைக் கல்லைப் பற்றி மூழ்கினர். அவர்களுக்கும் கயிறு பிடிக்க ஒரு தோழன் இருந்தான். 1913-இல் கார்ப்பாத்தோசு தீவருகே இழந்துபோன இத்தாலியப் போர்க்கப்பலின் நங்கூரத்தை, அட்ஜி இசுத்தாத்தி என்னும் பஞ்சு குளிப்பவர் மூச்சடக்கி இறங்கி மீட்டார். 1949-இல் இரைமொண்டோ பூச்செர் இத்தாலியில் பந்தயம் கட்டி முப்பது மீட்டர் இறங்கினார். 1976-இல் எல்பாத் தீவின் அருகே பிரெஞ்சுக்காரரான இழாக் மயோல் நூறு மீட்டரை எட்டினார். பிழைப்பாக இருந்தது பின்னர் விளையாட்டாயிற்று. அவ்விளையாட்டின் முதல் விதி யாது? தனியே மூழ்காதே, ஒருவர் கீழே செல்லும்போது ஒருவர் மேலே விழித்திருக்க வேண்டும் என்பதே. ஒரு கல்லுக்கு இருவர் என்ற நம் முன்னோர் வழக்கமும் இதுவேயன்றோ!

இவ்விதியின் காரணத்தை உடல்நூல் விளக்குகிறது. முகம் நீரில் மூழ்கியவுடன் நாடித் துடிப்பு தானே குறைகிறது. பிராணவாயுவைச் சிக்கனமாய்ச் செலவிட உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவதோ பெரும்பாலும் பிராணவாயுவின் குறைவன்று, கரியமிலவாயுவின் பெருக்கமே. விரைந்து பலமுறை மூச்சுவிட்டால் கரியமிலவாயு வெளியேறிவிடும். பிராணவாயுவோ மிகுதியாகச் சேர்வதில்லை. எனவே எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே விளக்கு அணைந்துவிடுகிறது. நம் பிள்ளைக்கு நேர்ந்தது இதுதான்.

கடலில் மற்றுமோர் இடர் உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே நுரையீரலிலுள்ள சிறிதளவு பிராணவாயுவும் அழுத்தத்தால் குருதியில் சேர்ந்துகொண்டிருக்கும். மேலே வரவர அழுத்தம் குறைய, அவ்வுதவியும் நீங்குகிறது. அதனால்தான் ஆழத்தில் தெளிவோடிருந்தவர், கைக்கெட்டும் தூரத்தில் வெளிச்சம் தெரியும்போது மயங்குகிறார். கயிறு பிடித்தவன் விழித்திருக்க வேண்டிய நேரம் அதுவே.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக் குளிப்புகள் நடைபெற்றன. அதன்பின் பார்களில் சிப்பி வளம் குன்றியதால் அவ்விழா மீண்டும் நிகழவில்லை. 1973-இல் அதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து உண்டாக்கும் முறையில் வெற்றி கண்டனர். எனினும் மூச்சடக்கும் உழைப்பு மறைந்துவிடவில்லை. பாம்பன், இராமேசுவரம் பக்கங்களில் நம் சகோதரிகள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, பாறைகளுக்கிடையே மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவற்றிற்கு இனிய பெயர்களும் இட்டிருக்கிறார்கள். 1986-இல் அத்தீவுகள் தேசியப் பூங்காவாக்கப்பட்டபின், கடலைக் காப்பதும் இவர்கள் பிழைப்பைக் காப்பதும் எவ்வாறு இணையும் என்பது வழக்காகவே நின்றுவருகிறது. இவர்கள் தனியே செல்வதில்லை, கூட்டமாகவே செல்கின்றனர். ஒருத்தி எழச் சற்றுத் தாமதித்தால் மற்றவள் கண் அவ்விடத்தைத் தேடுகிறது.

அன்பர்களே! நம் பிள்ளைகளை நீருக்கு அஞ்சச் செய்வது நம் நோக்கமன்று. அவர்கள் நீந்தட்டும், ஆண்டு விடுமுறையில் ஊர் செல்லும்போது கடலிலும் இறங்கட்டும். ஆனால் மூன்றை மட்டும் நெஞ்சில் பதிக்கட்டும்: மூழ்கும்முன் விரைந்து மூச்சிறைக்காதே, தனியே மூழ்காதே, தோழன் மூழ்கும்போது உன் கண்ணை வேறெங்கும் செலுத்தாதே. பெற்றோர்களாகிய நாமும், குளக்கரையில் செய்தித்தாளை விரித்து அமர்வதை விட்டுவிடுவோம்.

அன்று அந்தப் பிள்ளை பிழைத்தது நீச்சலில் வல்லவன் என்பதனால் அன்று. இளையவன் ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்தான் என்பதனால். அந்த இளையவன் இப்போது இவ்வரங்கின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறான். பெயரைச் சொன்னால் நாணுவான், ஆகவே சொல்லவில்லை. கயிறு பிடித்தவனுக்கும் பங்கு உண்டு என்பது நம் கடற்கரை நீதி. அவனுக்குரிய பங்காக இச்சங்கத்தின் சார்பில் ஒருமுறை கைதட்டுவோம்.